பொறி வருகிறது, தீ பற்றவில்லை! கேஸ் கீசர், ஹீட்டர் கேள்வி பதில்

மார்கழி நெருங்க நெருங்க வெந்நீர் பற்றிய கடிதங்கள் கூடுகின்றன. கேஸ் கீசரும் ஹீட்டரும் எப்படிப் பற்றுகின்றன, ஏன் அணைகின்றன, எந்தப் பாதுகாப்புச் சாதனம் எதைக் கவனிக்கிறது என்பது பற்றி வந்தவற்றிலிருந்து சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் வீட்டு 6 லிட்டர் கேஸ் கீசரில் குழாயைத் திறந்தால் ‘டிக் டிக்’ என்று பொறி வருகிறது. தீ மட்டும் பற்றுவதில்லை. பேட்டரி போன வாரம்தான் போட்டோம். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ‘கன்ட்ரோலர் போர்டு போயிடுச்சு, மாத்தணும்’ என்கிறார். சரிதானா?
எஸ்.ஆர்., ஈரோடு

போர்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். பொறி வருகிறதென்றால் போர்டில் பாதி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மீதியைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்.

கீசருக்குள் நடப்பது இதுதான். குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஓடுகிறது. அந்த ஓட்டம் வால்வுக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் தட்டைத் தள்ளுகிறது. தட்டோடு இணைந்த ‘பின்’ என்ற சின்னக் கம்பி நகர்ந்து, ஒரு பக்கம் கேஸ் வால்வைத் திறந்து, இன்னொரு பக்கம் மைக்ரோ ஸ்விட்சைத் தட்டிவிடுகிறது. ஸ்விட்ச் விழுந்ததும் போர்டு விழித்துக்கொண்டு பொறியை விடுகிறது. சோலனாய்டு என்ற மின்காந்த வால்வையும் திறக்கிறது. கேஸ் போகும் வழியில் இரண்டு கதவுகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்றைத் தண்ணீர் திறக்கிறது, மற்றதை மின்சாரம் திறக்கிறது. இரண்டும் திறந்தால்தான் கேஸ் பர்னருக்கு வரும். பற்றிய பிறகு, தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு ஊசி ‘தீ இருக்கிறது’ என்று போர்டுக்குச் சொல்ல வேண்டும். சில நொடிகளுக்குள் அந்தச் செய்தி வராவிட்டால் போர்டு சோலனாய்டை மூடிவிடும்.

இப்போது கீசருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வேறொருவரைக் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். பொறிச் சத்தத்துக்கு நடுவே, அடியில் ‘டக்’ என்று ஒரு கனமான சத்தம் ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். அதுதான் சோலனாய்டு திறக்கும் சத்தம்.

‘டக்’ கேட்கவில்லையா? முதல் சந்தேகம் மறுபடியும் பேட்டரிதான், அது புதிதாகவே இருந்தாலும். பெரும்பாலான கீசர்களில் டி சைஸ் பேட்டரி இரண்டு, மொத்தம் 3 வோல்ட். சும்மா வைத்து மீட்டரில் அளந்தால் நோஞ்சான் பேட்டரியும் 3 வோல்ட் காட்டும். பொறி அடித்துக்கொண்டிருக்கும்போது அளங்கள். அப்போது இரண்டும் சேர்ந்து 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பேட்டரி உதவாது. பொறிக்கு வேண்டிய மின்சாரம் கொஞ்சம்தான். சோலனாய்டை முதல் தடவை இழுக்கத்தான் ஒரு வேகம் வேண்டும். அதனால்தான் பொறி மட்டும் வந்து ஏமாற்றுகிறது. ரீசார்ஜ் பேட்டரி போடுபவர்களுக்கும் இதே கதை. அது ஒன்று 1.2 வோல்ட்தான், இரண்டும் சேர்ந்து 2.4. ஆல்கலைன் பேட்டரி வாங்கிப் போடுங்கள். பேட்டரிப் பெட்டியில் இருக்கும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். குளியலறை நீராவியில் அதில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பாதி வீடுகளில் வேலை இதோடு முடிந்துவிடும். நல்ல பேட்டரி போட்டும் ‘டக்’ வராவிட்டால் சோலனாய்டு காயிலோ அதற்குப் போகும் ஒயரோ போயிருக்கிறது. போர்டு அதற்கு அடுத்த சந்தேகம்தான்.

‘டக்’ கேட்கிறது, ஆனாலும் பற்றவில்லை என்றால் கேஸ் வரவில்லை, அல்லது பொறி சரியான இடத்தில் விழவில்லை. சிலிண்டர் மாற்றிய அன்று டியூபில் காற்று நிற்கும். குழாயைத் திறந்து மூடி மூன்று நான்கு தடவை முயன்றால் சரியாகிவிடும். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி விடுங்கள். பொறி ஊசியின் நுனிக்கும் பர்னருக்கும் நடுவே 4 அல்லது 5 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஊசியைப் பிடித்திருக்கும் பீங்கானில் விரிசல் விட்டிருந்தால் பொறி குறுக்கு வழியில் தகரத்துக்குத் தாவிவிடும். விளக்கை அணைத்துவிட்டு கண்ணாடி ஓட்டை வழியாகப் பாருங்கள். பொறி பர்னருக்கு மேல் நீல நிறத்தில் தெரிகிறதா, வேறெங்காவது மினுக்குகிறதா என்பது இருட்டில் உடனே தெரிந்துவிடும்.

பேட்டரி, தண்ணீர் ஃபில்டர், ஷவர் முகம் இந்த மூன்றும்தான் வீட்டுக்காரர் தொடலாம். சோலனாய்டு, ஊசி, பர்னர் எல்லாம் சிலிண்டரை மூடிவிட்டு, வேலை தெரிந்தவர் கழற்ற வேண்டியவை.

பொறியே வருவதில்லை. சில நாள் வரும், சில நாள் வராது. மாடியில் இருக்கிறோம், டேங்க் எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது.
வாசகி, சேலம்

கடைசி வரியில் விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். டயாஃப்ரம் தள்ளப்படுவதற்குத் தண்ணீருக்கு ஓர் அழுத்தம் வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) தான் கிடைக்கும். பல கீசர்கள் குறைந்தது 0.2 அல்லது 0.25 பார் கேட்கின்றன. அதாவது கீசருக்கு மேலே 2 அல்லது 2.5 மீட்டர் உயரத்தில் தண்ணீர் மட்டம் நிற்க வேண்டும். டேங்க் நிறைந்திருக்கும் காலையில் வேலை செய்து, பாதி காலியான மாலையில் மக்கர் பண்ணுவது இதனால்தான்.

சோதிக்க ஒரு பத்து லிட்டர் வாளி போதும். கீசரின் வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறதென்று பாருங்கள். நான்கு நிமிஷத்துக்கு மேல் ஆனால் ஓட்டம் நிமிஷத்துக்கு 2.5 லிட்டருக்கும் குறைவு. பல கீசர்கள் அதில் பற்றாது. ஃபில்டர் வலையையும் ஷவர் முகத்தையும் கழற்றிக் கழுவிவிட்டு மறுபடியும் அளங்கள். இரண்டு நிமிஷத்தில் வாளி நிறைந்தும் பொறி வரவில்லை என்றால், டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், வால்வுக்குள் இருக்கும் ஊசித்துளையை உப்பு அடைத்திருக்கலாம், அல்லது மைக்ரோ ஸ்விட்ச் துருப்பிடித்திருக்கலாம். டயாஃப்ரம் சின்ன ரப்பர்தான், தனியாகவே கிடைக்கும்; அதற்காக முழு வால்வையும் வாங்க வேண்டாம். ஓட்டமே குறைவென்றால் டேங்குக்குக் கீழே ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைப்பதுதான் வழி.

பேட்டரி தீர்ந்த அன்று தீக்குச்சியால் பற்ற வைக்கலாமா?
ஜி.கே., திருவாரூர்

முடியாது. போர்டுக்கு மின்சாரம் இல்லாவிட்டால் சோலனாய்டு மூடியே இருக்கும், கேஸ் வராது. மூடி இருப்பதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. அன்று அடுப்பில் வெந்நீர் வையுங்கள்.

குழாயை மூடிய பிறகும் கீசர் சில நொடி எரிகிறது. நடுவில் அடிக்கடி அணையவும் செய்தது. மெக்கானிக் உள்ளே இருந்த ஒரு பட்டன் மாதிரி பாகத்தின் இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்துவிட்டார். இப்போது அணைவதில்லை. இப்படியே விடலாமா?
பி.டி., தூத்துக்குடி

விடவே கூடாது. இந்தக் கடிதத்துக்குத் தபாலில் உடனே பதில் போட்டுவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறோம்.

அந்தப் ‘பட்டன்’, தண்ணீர் சூடாகும் செம்புக் கூண்டின் மேல் ஒட்டியிருக்கும் ஓவர்ஹீட் ஸ்விட்ச். உள்ளே இரண்டு உலோகங்கள் சேர்ந்த ஒரு சின்னத் தகடு இருக்கும். கூண்டு அளவுக்கு மீறிச் சூடானால் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். போர்டு சோலனாய்டை மூடும். ஒயர்களைச் சேர்த்துக் கட்டியதும் போர்டுக்கு எப்போதும் ‘சூடு சரியாக இருக்கிறது’ என்ற செய்திதான் போகும்.

உங்கள் ஊர்த் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். உப்பு, வால்வுக்குள் நகரும் ‘பின்’ கம்பியில் படிகிறது. குழாயை மூடியதும் அந்தப் பின் சட்டென்று திரும்பி கேஸ் வால்வை மூட வேண்டும். அது சிக்கிக்கொண்டு மெல்லத் திரும்புவதால்தான் சில நொடி கூடுதலாக எரிகிறது. ஒருநாள் திரும்பாமலே நின்றுவிடும். அப்போது என்ன ஆகும்? தண்ணீர் ஓடவில்லை, பர்னர் எரிகிறது, தீ நன்றாக இருப்பதால் தீயைக் கவனிக்கும் ஊசியும் திருப்தியாக இருக்கிறது. கூண்டில் தேங்கிய அரை லிட்டருக்கும் குறைவான தண்ணீர் ஒரு நிமிஷத்துக்குள் கொதித்து ஆவியாகத் தொடங்கும். அந்த நேரத்தில் கேஸை நிறுத்தக்கூடியது ஓவர்ஹீட் ஸ்விட்ச் ஒன்றுதான். அதைத்தான் முறுக்கி வைத்திருக்கிறார்.

நடுவில் அணைந்ததற்கும் காரணம் இதே உப்புதான். செம்புக் குழாயின் உட்புறம் உப்புப் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் கூண்டிலேயே நிற்கும். ஸ்விட்ச் தன் வேலையைச் செய்து அணைத்தது.

சிலிண்டரை மூடுங்கள். வால்வைப் பிரித்துப் பின்னையும் ரப்பர் சீலையும் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். கூண்டைக் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு, கலந்த வெதுவெதுப்பான நீரை உள்ளே ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்தி, நுரை அடங்கியதும் நன்றாக அலசிவிடச் சொல்லுங்கள். ஓவர்ஹீட் ஸ்விட்ச் விலை அற்பம். பழையதில் அச்சடித்திருக்கும் அதே டிகிரி அளவில் புதிது போடச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். போர்வெல் தண்ணீர் வீடுகளில் இந்த அலசல் வருஷத்துக்கு ஒரு தடவை தேவைப்படும்.

பற்றும்போது ‘டமார்’ என்று சத்தம் வருகிறது. பயமாக இருக்கிறது.
வாசகி, கரூர்

பயப்பட வேண்டியதுதான். கேஸ் முதலில் வந்து சேர்ந்துவிடுகிறது, தீ தாமதமாகப் பற்றுகிறது. சேர்ந்த கேஸ் மொத்தமாகப் பிடிப்பதுதான் அந்தச் சத்தம். நோஞ்சான் பேட்டரியால் பொறி மெதுவாக அடிப்பது, ஊசி வளைந்து இடைவெளி கூடியிருப்பது, பொறி விழும் ஓரத்தில் பர்னர் துளைகளைத் தூசியோ சிலந்திக்கூடோ அடைத்திருப்பது, இவைதான் வழக்கமான காரணங்கள். பேட்டரி மாற்றியும் சத்தம் நிற்கவில்லை என்றால் சரிபார்க்கும் வரை உபயோகிக்காதீர்கள். பொறி வரும்போது முகத்தைக் கண்ணாடி ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

தீ அணைந்தால் கேஸ் தானே நின்றுவிடும், 20 நிமிஷத்தில் கீசரே நின்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னார். இவ்வளவு பாதுகாப்பு இருக்கும்போது, பாத்ரூமுக்குள் மாட்டாதே என்று ஏன் சொல்கிறார்கள்?
ஆர்.வி., கோயம்புத்தூர்

கடைக்காரர் சொன்னது உண்மை. ஆனால் இந்தச் சாதனங்கள் எல்லாம் தீயைக் கவனிக்கின்றன, சூட்டைக் கவனிக்கின்றன, கடிகாரத்தைக் கவனிக்கின்றன. சாதாரண கேஸ் கீசரில் காற்றைக் கவனிக்கும் சாதனம் எதுவும் இல்லை. பாத்ரூமில் ஆளைக் கொல்வது காற்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்த, மணிக்கு 9,000 கிலோ கலோரி வேண்டும். எல்பிஜி கிலோவுக்கு ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி தரும். வீணாவதையும் சேர்த்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் எரிகிறது. ஒரு கிலோ எல்பிஜி எரிய குறைந்தது 12 கன மீட்டர் காற்று வேண்டும். அதாவது நிமிஷத்துக்கு 0.2 கன மீட்டர். நம் வீட்டு பாத்ரூம் 5 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் காற்றே 6.8 கன மீட்டர்தான். கதவும் ஜன்னலும் இறுக மூடியிருந்தால், ஐந்து நிமிஷத்துக்குள் அந்த அறையின் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெளிநாட்டு அறை ஹீட்டர்களில் ‘இதற்கு மேல் எரியக் கூடாது’ என்று அணைக்கும் அளவு ஏறக்குறைய அந்த 18 சதவீதம்தான். உங்கள் கீசரின் டைமரோ 20 நிமிஷம்.

ஆக்சிஜன் குறையும்போது தீ உடனே அணைந்துவிடாது. நீலம் போய் மஞ்சள் நாக்கு நீளும். கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். அந்த மஞ்சள் தீயிலும் மின்சாரம் கடக்கும் என்பதால், தீயைப் பார்க்கும் ஊசி ‘எல்லாம் நலம்’ என்றே போர்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இதை இறுகப் பிடித்துக்கொள்ளும். தலை பாரமாகும், பிறகு குமட்டும். ஏதோ சரியில்லை என்று புரிந்து எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கப் போவதற்குள் கால் துவண்டுவிடும்.

தீபாவளி காலையை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் நாலு பேர் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு வாளி வெந்நீர் என்றால் ஒருவருக்கு ஆறேழு நிமிஷம் கீசர் எரிகிறது. குளிருக்காக ஜன்னலையும் சாத்தியாயிற்று. முதலில் குளித்தவர் நன்றாகத்தான் வெளியே வருவார். மூன்றாவதாகப் போகும் பிள்ளைக்குக் கிடைப்பது, முன் இருவரும் விட்டுப்போன காற்று. ‘இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முதலில் குளிப்பவர்கள்.

கீசரை வெளியே மாட்டுங்கள். பால்கனி, சர்வீஸ் பக்கம், பாத்ரூமின் வெளிச்சுவரில் சன்ஷேடுக்குக் கீழே, எங்காவது திறந்த இடத்தில் வைத்து வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அந்தச் சுவரில் புகை உள்ளே திரும்பக்கூடிய வென்டிலேட்டருக்கு நேர் கீழே வேண்டாம். மழைச் சாரலும் நேர்க்காற்றும் படாத இடமாகப் பாருங்கள். காற்றில் தீ விலகினால் ஊசி தீயைக் காணாமல் அடிக்கடி அணைத்துவிடும். குழாய் இரண்டு மூன்று மீட்டர் நீண்டால், வெந்நீர் வரச் சில நொடி தாமதமாகும். நஷ்டம் அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பவர்களுக்கு: காற்று உள்ளே வர வழி இல்லாமல் வெளியே மட்டும் இழுக்கும் ஃபேன் பாதி வேலைதான் செய்யும், அதை நம்பி உள்ளே மாட்டாதீர்கள்.

குளிக்கப் போனவர் கூப்பிட்டும் குரல் கொடுக்கவில்லை என்றால் தயங்காமல் கதவைத் திறங்கள் அல்லது உடையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, 108-ஐ அழையுங்கள். சிலிண்டரை மூடுவது அதற்குப் பிறகு. மயக்கம் தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ‘கேஸ் கீசர் எரிந்த அறையில் இருந்தார்’ என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு உடனே தோன்றும்.

ஊட்டியில் இருக்கிறோம். கேஸ் ரூம் ஹீட்டரின் குமிழை அழுத்திப் பிடித்திருக்கும் வரை பைலட் என்ற சின்னத் தீ எரிகிறது, விட்டதும் அணைகிறது. கீழே மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் இதே ஹீட்டர் ஒழுங்காக எரிந்தது.
கே.எம்., உதகமண்டலம்

அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் தெர்மோகப்பிளை மாற்றுங்கள் என்று ஒரு வரியில் முடித்திருப்போம்.

பைலட் தீயின் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்பு நிறக் குச்சிதான் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்று 1821-ல் விஞ்ஞானி சீபெக் கண்டதுதான் இதற்கு அடிப்படை. கிடைப்பது 20 முதல் 30 மில்லிவோல்ட்தான். அந்தத் துளி மின்சாரத்தால் வால்வை இழுத்துத் திறக்க முடியாது. திறந்த வால்வை ஒரு சின்ன மின்காந்தத்தால் பிடித்துக்கொண்டிருக்க மட்டுமே முடியும். அதனால்தான் உங்கள் விரல் வால்வை அழுத்திக் காந்தத்தின் மேல் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. குச்சி சூடாகி, காந்தம் பிடித்துக்கொண்ட பிறகு விரலை எடுக்கலாம். தீ அணைந்து குச்சி ஆறினால் காந்தம் கைவிடும், ஸ்பிரிங் வால்வை மூடும். பேட்டரியோ போர்டோ இல்லாமல் இவ்வளவு வேலை செய்யும் இந்த ஏற்பாட்டை எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காது.

முதலில் சாதாரணக் காரணங்களைப் பாருங்கள். முப்பது நொடி வரை அழுத்திப் பிடியுங்கள். பைலட் தீ, குச்சியின் நுனியில் ஒரு சென்டிமீட்டரை நன்றாகச் சூழ்ந்திருக்க வேண்டும். தீ மஞ்சளாகத் தளர்ந்து ஆடினால் பைலட்டின் காற்றுத் துளையில் தூசி அல்லது சிலந்திவலை இருக்கிறது. ரப்பர் பல்பால் ஊதி எடுங்கள். ஊசியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி பைலட்டே வீணாகிவிடும். வால்வோடு சேரும் நட்டைக் கையால் இறுக்கிய பிறகு, ஸ்பேனரால் கால் சுற்று போதும். அதற்கு மேல் முறுக்கினால் நுனியில் இருக்கும் இன்சுலேஷன் நசுங்கிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், காரணம் உங்கள் மலை. அறைக்குள் வைத்து எரிக்கும் நல்ல ஹீட்டர்களில் பைலட்டே ஆக்சிஜன் காவலாளி. காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் பைலட் தீ துளையை விட்டு எழும்பி, தெர்மோகப்பிளின் நுனியை விட்டு விலகிவிடும்படி நுணுக்கமாக அளந்து செய்திருப்பார்கள். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே ஆக்சிஜனின் சதவீதம் குறையவில்லை, ஆனால் காற்றே மெலிந்திருக்கிறது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. பைலட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அறைக் காற்று கெட்டுவிட்டதாக நினைத்து எழும்பிவிடுகிறது. இவ்வகை ஹீட்டர்கள் சிலவற்றின் கையேட்டிலேயே 7,000 அடிக்கு மேல் அணைந்துவிடக்கூடும் என்று அச்சிட்டிருப்பார்கள். ஊட்டி 7,300 அடியைத் தாண்டி நிற்கிறது.

இதற்கு வழி பைலட்டைக் கையால் வளைத்துக் குச்சியோடு ஒட்டவைப்பது அல்ல. சிலர் அப்படிச் செய்து தருகிறார்கள். அதன் பிறகு காவலாளி இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த உயரத்துக்கு ஏற்றதென்று தயாரிப்பாளர் எழுதித் தரும் ஹீட்டரை வாங்குங்கள். இல்லாவிட்டால் மின்சார ஆயில் ஹீட்டருக்கு மாறுங்கள். படுத்துத் தூங்கும் அறையில் புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் எதையும் எரியவிட்டுத் தூங்காதீர்கள்.

ஜனவரிப் பனியில் சிலிண்டரில் கேஸ் வராமல் தீ சுருங்கினால், அது வேறு விஷயம். எல்பிஜியில் இருக்கும் பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் போதிய அளவு ஆவியாவதில்லை. சிலிண்டரை வெந்நீரில் வைப்பது, பக்கத்தில் கணப்பு மூட்டுவது இரண்டும் வேண்டாம்.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டு ஃபர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர், தீ பற்றி நாலைந்து செக்கனில் நிண்டுவிடும். மூன்று முறை அப்படிச் செய்துபோட்டு பிறகு பேசாமல் கிடக்கும். தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டரை மாற்ற வேணும் எண்டு ஒருவர் சொல்லுறார்.
வாசகர், கனடா

பற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இக்னைட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. பற்றிய தீ போர்டின் கண்ணில் படவில்லை. சந்தேகப்பட வேண்டியது ஃபிளேம் சென்சரை.

அது பீங்கானில் பதித்த ஒரு மெல்லிய கம்பி. ஒற்றை ஒயர்தான் அதற்குப் போகும். போர்டு அதன் வழியே மாறுதிசை மின்சாரத்தை அனுப்புகிறது. தீக்குள் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருப்பதால் மின்சாரம் தீயைக் கடந்து பர்னருக்குப் போகும். கம்பி சிறியது, பர்னர் பெரியது என்பதால் ஒரு திசையில் மட்டும் நன்றாகக் கடக்கும். போர்டு தேடுவது அந்த ஒரு திசை மின்சாரத்தை. ஒயர் நசுங்கித் தகரத்தில் பட்டாலும் மின்சாரம் போகும்தான், ஆனால் இரண்டு திசையிலும் போகும். போர்டு அதைத் தீ என்று நம்பாது. ஏமாற்ற முடியாத ஏற்பாடு.

அளவு மிகச் சிறியது, மைக்ரோ ஆம்பில் 1 முதல் 6 வரை. கம்பியின் மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம் படிந்தாலும் 1-க்குக் கீழே இறங்கிவிடும். போர்டு கேஸை மூடி, மறுபடி முயன்று, கடைசியில் ஒரு மணி நேரம் போலப் பூட்டிக்கொள்ளும். கம்பியை மெல்லிய ஸ்டீல் வுல்லால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் கம்பியில் ஒட்டி மீண்டும் படலமாகும். துடைத்தும் அளவு ஏறாவிட்டால் ஃபர்னஸின் எர்த் இணைப்பைப் பார்க்க வேண்டும். எர்த் தளர்ந்தால் பர்னர் வழியாக மின்சாரம் திரும்பாது. உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இதை டிஎஸ்எஸ்ஏ (அங்குள்ள பாதுகாப்பு ஆணையம்) சான்றிதழ் உள்ளவரிடமே விடுங்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘துடைப்பதற்கு முன் எத்தனை மைக்ரோ ஆம்ப், பின் எத்தனை?’ அளக்காமல் இக்னைட்டர் மாற்றச் சொல்பவருக்கு இதற்குப் பதில் இருக்காது. பூட்டிக்கொண்ட ஃபர்னஸை ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டு இரவெல்லாம் ஓட்ட வேண்டாம்.

கேஸ் கசிந்தால் கத்தும் கருவி ஒன்றை கீசர் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கும் அதுவே போதுமா?
எம்.எஸ்., மதுரை

போதாது, அவை இரண்டும் வேறு வேறு கருவிகள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். அந்தக் கருவி தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து அறை முழுதும் பரவும். அதைக் கண்டறியும் கருவியை நாம் மூச்சு விடும் உயரத்தில், பாத்ரூமின் நீராவி படாமல், அதற்கு வெளியே படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள். ஒன்ராறியோவில் கேஸ் எரியும் வீடுகளுக்கு இது 2014 அக்டோபர் முதல் சட்டப்படி கட்டாயம். வாங்கும்போது பின்பக்கத்தில் ஆயுள் தேதி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் சென்சர் சில வருஷங்களில் தானே செத்துவிடும். பேட்டரி மாற்றினாலும் உயிர் வராது. மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஊதுபத்தி கொளுத்தி நீட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது.

கசிவு வாசம் வந்தால் கருவி கத்தும் வரை காத்திருக்க வேண்டாம். லைட் ஸ்விட்ச், எக்ஸாஸ்ட் ஃபேன் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். கீசரின் பாதுகாப்புச் சாதனங்கள் எல்லாம் கீசருக்குள்ளே இருப்பவை. சிலிண்டருக்கும் கீசருக்கும் நடுவே வெடித்த டியூபைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. டியூபின் மேல் அச்சிட்ட வருஷத்தைப் பாருங்கள். ஐந்து வருஷம் ஆகியிருந்தால் இந்த மாதமே மாற்றிவிடுங்கள்.